புதுச்சேரிக்கு இரண்டு நாள், சைக்கிளில்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்தில் உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளுக்கான பதில்களையும் அந்தந்த இடத்தில் சேர்த்திருக்கிறேன்.)



இந்தப் பேச்சுக்குக் காரணம் நம் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிய ஒரு படம். டென்மார்க்கின் தலைநகரம் கோபன்ஹேகன். காலை நேரம். கோட்டுப் போட்ட ஆள், முன்பெட்டியில் பிள்ளையை வைத்திருக்கும் தாய், எழுபது வயது மதிக்கத்தக்க பாட்டி எல்லோரும் சைக்கிளில் ஒரு பாலத்தைக் கடக்கிறார்கள். காரைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்குக் கீழே ஒரு நண்பர், "இப்படி ஒரு ஊர்ல ரெண்டு நாள் சைக்கிள் ஓட்டிட்டு வந்திறணும்" என்று எழுதினார். எல்லோரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். மறுநாள் காலை நடையில், "அண்ணாச்சி, நீங்கதான பாங்க்ல கணக்குப் போட்டவரு. எவ்வளவு ஆகும்னு சொல்லுங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். விசாவுக்கு மட்டும் தலைக்கு 90 யூரோ. அது திரும்பி வராத பணம். விசா கிடைக்க 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். அதற்குமேல் விமானம், தங்குமிடம், சாப்பாடு. இரண்டு நாள் சைக்கிள் ஓட்டுவதற்கு இந்த முதலீடு தேறாது. ஆனால் நம்மில் ஆறேழு வீட்டுப் பிள்ளைகள் ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் இருக்கிறார்கள். அங்கே போய் மூன்று மாதம் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டுத் திரும்புகிறோம். அவர்கள் ஒரு சனி ஞாயிறு கோபன்ஹேகன் போய்வரலாம். ஏற்கனவே எடுத்த ஷெங்கன் விசாவே அதற்குப் போதும். அவர்களுக்காகச் சில குறிப்புகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களுக்கு என் திட்டம் புதுச்சேரி.

டென்மார்க்கில் யூரோ கிடையாது, குரோனர். அதற்காகக் கட்டுக்கட்டாகப் பணம் மாற்றிக்கொண்டு போகவேண்டாம், எல்லா இடத்திலும் அட்டைதான். விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் ஏறினால் கால் மணி நேரத்தில் நகரத்தின் நடுவில் இறங்கலாம். ஜூன் மாதம் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் போனால் பகலே ஏழு மணி நேரம்தான். ஊர் சமதளம், மேடு பள்ளம் இல்லை.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. அங்கே வலதுபக்கம்தான் ஓட்ட வேண்டும். முந்துவது இடதுபக்கம். அறுபது வருடம் இடதுபக்கமே ஓட்டிப் பழகிய கை, சந்திப்பு வந்ததும் தானாக இடதுபக்கம் போகும். முதல் ஒரு மணி நேரம் பிள்ளையை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் போங்கள். நிறுத்துவதற்கு முன் கையை உயர்த்திக் காட்டவேண்டும், திரும்புவதற்கு முன் கையை நீட்டவேண்டும். இருட்டியபின் விளக்கு இல்லாமல் ஓட்டினால் அபராதம். நடைபாதைமேல் ஏறி ஓட்டக்கூடாது.

விளக்குக்கு அபராதம் என்றதும் நம் வயதுக்காரர்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. நம்ம ஊரிலும் அது இருந்ததுதான். சைக்கிளுக்கு லைசென்ஸ் வில்லை இருந்தது. டைனமோ இல்லாதவன் மண்ணெண்ணெய் விளக்கைத் தொங்கவிட்டுப் போனான். டபுள்ஸ் போனால் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிடுவார். சைக்கிளை ஒரு வாகனமாக மதித்ததால்தான் அதற்குச் சட்டம் போட்டார்கள். இன்று நம் ஊரில் சைக்கிளுக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. அது சைக்கிளுக்குக் கொடுத்த சுதந்திரம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

அந்த ஊர் எப்படி அப்படி ஆனது என்று கூட்டத்தில் கேட்டார்கள். வெள்ளைக்காரன் ஒழுங்கானவன், அதனால்தான் என்று ஒருவர் பதிலும் சொன்னார். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. 1950களிலும் 60களிலும் அங்கேயும் கார் பெருகி, சைக்கிளை ஓரங்கட்டினார்கள். 1973ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே தடை போட்டார்கள். வெறிச்சோடிய சாலையில் ஜனங்கள் மறுபடி சைக்கிளை எடுத்தார்கள். அதன்பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் நகராட்சி மன்றத்துக்கு முன்னால் கூடித் தனிப் பாதை கேட்டார்கள். சைக்கிளில் போனவர்கள் அடிபட்டுச் செத்த இடங்களில் சாலையிலேயே வெள்ளைச் சிலுவை வரைந்தார்கள். அப்படிக் கேட்டு வாங்கியதுதான் இன்றைக்குப் படத்தில் பார்க்கிற பாதை. அந்தப் பாதை சாலையைவிட ஒரு படி உயரம், நடைபாதையைவிட ஒரு படி தாழ்வு. வெறும் கோடு போட்டுப் பிரித்தது இல்லை, கல் வைத்துப் பிரித்தது. பனி பெய்தால் முதலில் சைக்கிள் பாதையைத்தான் சுத்தம் செய்கிறார்கள். ஒரு முக்கியச் சாலையில் மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் போனால் வரிசையாக எல்லா சிக்னலும் பச்சையாகவே கிடைக்கும்படி வைத்திருக்கிறார்கள்.

போகிறவர்கள் வட்டக் கோபுரத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். நான்காம் கிறிஸ்டியன் என்ற ராஜா கட்டி 1642ல் முடித்தது. உள்ளே மேலே போகப் பெரும்பாலும் படிக்கட்டு கிடையாது, சுற்றிச் சுற்றி ஏறும் சாய்தளம். மூட்டுவலிக்காரர்களுக்குச் சௌகரியம். இதே ராஜா காலத்தில்தான் 1620ல் டேனிஷ்காரர்கள் நம் தரங்கம்பாடிக்கு வந்து கோட்டை கட்டினார்கள். தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் இந்த ராஜாவுக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1845ல் தரங்கம்பாடியை இங்கிலீஷ்காரனிடம் விற்றுவிட்டுப் போனார்கள். டென்மார்க் போக முடியாதவர்கள் தரங்கம்பாடி போகலாம் என்று இதை வைத்து ஒரு யோசனை வந்தது. நல்ல ஊர்தான். ஆனால் அரை நாளில் பார்த்து முடித்துவிடலாம். இரண்டு நாள் சைக்கிளில் சுற்ற ஊர் வேண்டும் என்றால் புதுச்சேரிதான்.

புதுச்சேரி முழுவதும் சைக்கிளுக்கு ஏற்ற ஊர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நேரு வீதியிலும் காந்தி வீதியிலும் நெரிசல் நம் மெயின் ரோட்டைவிட மோசம். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சண்டே மார்க்கெட், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதே கஷ்டம். சைக்கிளுக்கு ஏற்றது பழைய ஊரின் ஒரு பகுதி மட்டும். வடக்கே சர்தார் படேல் சாலை, மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை, கிழக்கே கடற்கரைச் சாலை, இந்த நான்கும் சேர்ந்து முட்டை வடிவத்தில் பழைய ஊரைச் சுற்றி வருகின்றன. முழுச்சுற்று ஐந்தாறு கிலோமீட்டருக்கு மேல் இராது. உள்ளே தெருக்கள் கட்டம் போட்ட நோட்டுப் போல நேர்நேராக வெட்டிக்கொள்ளும். வழி தப்பினாலும் கிழக்கே பார்த்து மிதித்தால் கடல் வந்துவிடும். நடுவே பெரிய வாய்க்கால். அதற்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் இருந்த பகுதி, மேற்கே தமிழர் பகுதி. வாய்க்காலுக்குக் கிழக்கே, அதிகாலையில், மேடு பள்ளம் இல்லாத தெருக்களில், மஞ்சள் சுவர்களுக்கு நடுவில் ஓட்டிப் பாருங்கள். நம் வயதுக்கு இதுதான் கோபன்ஹேகன்.

நான் இடைசெவல்காரன் என்பதால் இன்னொரு காரணமும் சொல்வேன். நம் கரிசலுக்கும் புதுச்சேரிக்கும் பழைய உறவு. இங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர் அளவில் இருக்கிற எட்டயபுரத்தில் பிறந்த பாரதி, 1908ல் கைதுக்குத் தப்பி அங்கேதான் போனார். அங்கே பிரெஞ்சு ஆட்சி, பிரிட்டிஷ் போலீஸ் கைவைக்க முடியாது. பத்து வருடம் இருந்தார். 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியதும் கடலூர்ப் பக்கம் பிடித்துவிட்டார்கள். எங்கள் ஊர் கி.ராஜநாராயணன் பல்கலைக்கழக வேலையாகப் புதுச்சேரிக்குப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். 2021 மே மாதம் அங்கேதான் காலமானார். உடலை இடைசெவலுக்குக் கொண்டுவந்து அரசு மரியாதையோடு அடக்கம் செய்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். அவர் இருந்தது லாஸ்பேட்டை அரசுக் குடியிருப்பில். அதைப் பார்க்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். அது இன்றும் ஜனங்கள் குடியிருக்கும் இடம், போய்க் கதவைத் தட்ட வேண்டாம். கி.ரா.வுக்கு நம் கோவில்பட்டியிலேயே நினைவரங்கம் இருக்கிறது. அதற்குள் இன்னும் போகாதவர்கள் நம் சங்கத்திலேயே பாதிப்பேர்.

இனித் திட்டம்.

எப்போது போவது? வார இறுதி என்று தலைப்பில் போட்டிருந்தார்கள். சனி ஞாயிறு என்பது வேலைக்குப் போகிறவர்களுக்கு. நாம் ஏன் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிற கூட்டத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்? சனிக்கிழமை ராத்திரி கடற்கரைப் பக்கம் குடித்துவிட்டு வருகிற பையன்களின் பைக்குகளுக்கு நடுவில் நம் சைக்கிளுக்கு வேலை இல்லை. அறை வாடகையும் அந்த இரண்டு நாள் ஏறிவிடும். நம்முடைய வார இறுதி புதனும் வியாழனும். திங்கள்கிழமை அருங்காட்சியகம் கிடையாது, அதைத் தவிர்த்துவிடுங்கள். மாதம் என்றால் ஜனவரி பொங்கலுக்குப் பின்னிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை. பிப்ரவரி 21 அன்னை பிறந்தநாள், 28 ஆரோவில் தொடங்கிய நாள். அந்த வாரங்களில் அறை கிடைப்பது கஷ்டம். நவம்பர், டிசம்பர் வேண்டவே வேண்டாம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம்தான் கரை ஏறியது, ஊரே தண்ணீரில் நின்றது. மே மாத வேக்காட்டைப் பற்றிக் கரிசல்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ரயில். கோவில்பட்டியில் இரவு ஏறினால் விடியுமுன் விழுப்புரம். அங்கிருந்து புதுச்சேரி நாற்பது கிலோமீட்டர் அளவு, பஸ் அடிக்கடி உண்டு. முன்பதிவு இப்போது அறுபது நாளுக்கு முன்புதான் திறக்கிறது, பழைய நூற்றிருபது நாள் கணக்கை மறந்துவிடுங்கள். மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சில் நின்றது நின்றதுதான். ஆனால் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது, ஆண்களுக்கு அறுபது வயது, பெண்களுக்கு நாற்பத்தைந்து. பதியும்போது அந்த ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த ஒதுக்கீட்டில் ஒரு டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் போடக்கூடாது. பன்னிரண்டு பேரையும் ஒரே டிக்கெட்டில் போடவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் பாதிப்பேர் மேல் படுக்கையில் ஏற வேண்டியிருக்கும். விழுப்புரத்தில் வண்டி நிற்பது சில நிமிடங்கள்தான். இரண்டு பேர் செல்போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், ஒருவரை நம்ப வேண்டாம்.

காலை ஆறு மணிக்குப் போய் நின்றால் விடுதிக்காரர், "அறை பன்னிரண்டு மணிக்குத்தான் சார்" என்பார். பதியும்போதே கேளுங்கள், இருபத்து நாலு மணி நேரக் கணக்கா, பகல் பன்னிரண்டுக் கணக்கா என்று. லிஃப்ட் இருக்கிறதா, மேல்நாட்டுக் கழிப்பறை இருக்கிறதா, சைக்கிளை இரவு உள்ளே வைக்கலாமா, இந்த மூன்றையும் போனிலேயே கேட்டுவிடுங்கள். ஆசிரம விடுதிகளில் புகை, குடி கிடையாது, இரவு கதவைச் சீக்கிரம் சாத்திவிடுவார்கள். சிலருக்கு அது குறை. நம் வயதில் அதுவே பெரிய வசதி என்பேன்.

இனி வாடகை சைக்கிள். சிறுவயதில் நாம் எல்லோரும் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தவர்கள்தான். மட்கார்டில் கடைப் பெயரும் நம்பரும் எழுதியிருக்கும். அரை வண்டி கிடைக்காதவன் பெரிய வண்டியில் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டான். அந்த ஞாபகத்தில் போய்ப் பார் வைத்த பெரிய வண்டியை எடுத்துவிடாதீர்கள். ஆண்களும் லேடீஸ் சைக்கிள் எடுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. அறுபத்தைந்து வயதில் ஏறும்போதும் இறங்கும்போதும் விழுகிறவர்கள் உண்டு. சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு பாதங்களின் முன்பகுதியும் தரையைத் தொடவேண்டும். மிதிக்க உயரமான சீட் நல்லது என்று இளவட்டங்கள் சொல்வார்கள், அது அவர்களுக்கு. முன்பிரேக், பின்பிரேக் இரண்டையும் தனித்தனியே பிடித்துத் தள்ளிப் பாருங்கள். மணி அடிக்கிறதா, பூட்டும் சாவியும் உண்டா, ஸ்டாண்டு நிற்கிறதா பாருங்கள். ஏற்கனவே உள்ள கீறல்களை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது வாக்குவாதம் வராது.

அடையாள அட்டை கேட்பார்கள். ஒரிஜினல் ஆதாரை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். நகலில் குறுக்காக, 'சைக்கிள் வாடகைக்காக மட்டும்' என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் முன்பணம் அதிகமாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். முப்பத்து நாலு வருடம் கவுண்ட்டரில் உட்கார்ந்தவன் சொல்கிறேன், காகிதத்தில் இல்லாதது நடக்காதது.

முதல் நாள் காலை தூங்குங்கள். ரயிலில் தூங்கினோம் என்பதெல்லாம் கணக்கில் வராது. மதியம் மூன்றரைக்கு மேல் சைக்கிள் எடுத்தால் போதும். பாரதி பூங்காவில் தொடங்கலாம். நடுவில் வெள்ளையாக நிற்கிற ஆயி மண்டபம் ஊருக்குத் தண்ணீர் வந்த கதைக்கு நினைவுச் சின்னம். தண்ணீருக்கு மண்டபம் கட்டிய ஊர் என்றால் வானம் பார்த்த பூமிக்காரர்களுக்கு மதிப்பு வரத்தான் செய்யும். பக்கத்தில் அருங்காட்சியகம். அங்கிருந்து மணக்குள விநாயகர். யானை லட்சுமியைத் தேடாதீர்கள், 2022 நவம்பரில் இறந்துவிட்டது. பிறகு டூமா வீதி, ரோமன் ரோலண்ட் வீதி, சுஃப்ரன் வீதி என்று மேலும் கீழுமாக ஓட்டுங்கள். சில தெருக்கள் ஒருவழி. சைக்கிளுக்கு என்ன ஒருவழி என்று எதிரே நுழையாதீர்கள். மாலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், மறுநாள் காலைவரை அது நடக்கிறவர்களுக்கான சாலை. கூட்டம் இருந்தால் சைக்கிளிலிருந்து இறங்கிவிடுங்கள். பக்கத்துத் தெருவில் பூட்டிவைத்துவிட்டுக் காந்தி சிலையிலிருந்து பழைய கலங்கரை விளக்கம் வரை நடக்கலாம். 1836ல் கட்டியது.

இரண்டாம் நாள் காலை ஐந்தரைக்கு ஓட்டுவதுதான் இந்தப் பயணத்தின் சாரம். முட்டை வடிவச் சுற்றை ஒருமுறை முழுதாக முடிக்கலாம். முடியாதவர்கள் வாய்க்காலுக்குக் கிழக்கே நின்றுகொள்ளலாம். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுக்கிறவர்கள் வெறும் வயிற்றில் மிதிக்க வேண்டாம், இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். பையில் கொஞ்சம் சர்க்கரை அல்லது மிட்டாய் இருக்கட்டும். எட்டு மணிக்குள் சைக்கிளைக் கொண்டுவந்து விடுதியில் வைத்துவிட்டு டிபன்.

அதன்பிறகு தமிழர் பகுதி, நடந்தோ ஆட்டோவிலோ. ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதி இருந்த வீடு, பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீடு. ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை. இவரைப் பற்றி நான் கொஞ்சம் கூடுதலாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். துப்ளெக்ஸ் கவர்னருக்குத் துபாஷாக இருந்தவர். 1736லிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, என்ன விலை, கவர்னர் வீட்டில் யார் என்ன பேசினார்கள் எல்லாம் அதில் உண்டு. புதுச்சேரிக்காரரான பிரபஞ்சன் அதை வைத்துத்தான் 'மானுடம் வெல்லும்' நாவல் எழுதினார். பேரேடு எழுதிய வர்க்கத்தில் பிறந்த எங்களுக்கு அவர் குலதெய்வம் மாதிரி.

ஆரோவிலுக்குச் சைக்கிளில் போகலாமே என்று கேட்டார்கள். 1968ல் தொடங்கிய இடம், உள்ளே செம்மண் பாதையும் மர நிழலும் சைக்கிளுக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸுக்கும் காருக்கும் நடுவில் போய்ப் பிறகு மேடு ஏற வேண்டும். வேன் பிடித்துப் போங்கள். மாத்ரி மந்திரை வெளியிலிருந்து பார்க்கவே ஒரு கிலோமீட்டர் அளவு நடை உண்டு. உள்ளே போக முன்பதிவு வேண்டும். ரோமானியர் காலத்து வணிகத் தலமான அரிக்கமேடும் அப்படித்தான். கடலூர் சாலையில் சைக்கிள் வேண்டாம். இரண்டு நாளில் இரண்டுக்கும் நேரம் இராது, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். என்னைக் கேட்டால் இரண்டையும் விட்டுவிட்டுச் சாயங்காலம் மறுபடி சைக்கிள் எடுப்பேன்.

பெண்கள் பக்கமிருந்து ஒரு கேள்வி வந்தது. "எங்கள்ல பாதிப்பேருக்கு ஓட்டவே தெரியாதே, நாங்க ஓட்டல்லயா இருக்க?" என்று ஒரு மதினி கேட்டார்கள். கூட்டத்தில் சிரிப்பு. அது சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலாராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள், கூலி வேலைக்காரர்கள், கல்குவாரியில் வேலை பார்த்தவர்கள், ஓட்டக் கற்றார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது பார் வைத்த வண்டியிலேயே கற்றார்கள். பஸ்ஸுக்காகவும் வீட்டு ஆம்பளைக்காகவும் காத்து நிற்பது அவர்களுக்கு நின்றது. நம் சங்கத்துப் பெண்கள் அறுபது வயதுக்குமேல் கற்கலாமா என்றால், எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும். மற்றவர்களுக்கு ஆறு வாரம் இருக்கிறது. பெடலைக் கழற்றிவிட்டுக் காலால் உந்தி உருட்டிப் பழகுவது முதல் இரண்டு வாரம். தானாகச் சமநிலை வந்தபின் பெடலை மாட்டலாம். பின்னாலிருந்து சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற பழைய முறையில் ஓடுகிறவருக்கும் அறுபது வயது என்பதை மறக்கக்கூடாது. கற்க விருப்பம் இல்லாதவர்களுக்கு அங்கே ரிக்‌ஷா உண்டு. யாரும் ஓட்டலில் இருக்க வேண்டாம்.

பயணத்துக்கு வெளியே ஒரு விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். இடைசெவலிலிருந்து கோவில்பட்டிக்கு நான் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் வந்தவன். லாரி வந்தால் தூரத்திலேயே தெரியும், இறங்கி நின்றுகொள்வோம். இன்று அது நான்குவழிச் சாலை. எதிர்ப்பக்கம் போகவேண்டியவர் அடுத்த இடைவெளி வரை சுற்ற வேண்டும். சுற்ற மனமில்லாமல் ஓரத்திலேயே எதிர்த்திசையில் வருகிறார். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வருகிற காருக்கு எதிரே, விளக்கு இல்லாத சைக்கிள், கேரியரில் புல்லுக்கட்டு. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்கிறது. 2001ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு என்று தொடங்கி, 2005 வாக்கில் அரசு, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆனது. நல்ல திட்டம். ஆனால் அந்தச் சைக்கிள் எத்தனை வீட்டில் திண்ணையில் சாய்ந்து நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளைக்கு ஓட்ட ஆசை இல்லாமல் நிற்கவில்லை, "அந்த ரோட்டுல போகாத" என்று தாய் சொல்வதால் நிற்கிறது. தாய் சொல்வதில் தப்பும் இல்லை.

அதனால் சங்கத்தின் சார்பில் ஒரு மனு தயார் செய்திருக்கிறோம். கிராமத்து இறக்கங்களில் சர்வீஸ் ரோட்டைத் தொடர்ச்சியாக ஆக்குவது, பள்ளி நேரத்தில் கடவையில் போலீஸ்காரர் ஒருவரை நிறுத்துவது, நகருக்குள் பள்ளிக்கூடத் தெருக்களில் காலையும் மாலையும் அரை மணி நேரம் கனரக வண்டியை நிறுத்துவது. மூன்றுதான் கேட்டிருக்கிறோம். புதுச்சேரியில் ஒரு சாலையைத் தினமும் மாலையில் அடைக்க முடிகிறது என்பதை மனுவிலேயே எழுதியிருக்கிறோம். கையெழுத்து இதுவரை நாற்பத்தொன்று. பயணத்துக்கு வராதவர்களும் இதில் கையெழுத்துப் போடலாம், செயலாளரிடம் இருக்கிறது.

பணம். பொதுப் பணப்பையை ஒருவர் வைத்திருப்பார், இன்னொருவர் எழுதுவார். இரண்டும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. தினம் ராத்திரி படுக்குமுன் கணக்கை வாசித்துக் காட்டிவிட வேண்டும். காபிக் கணக்கில் வந்த மனஸ்தாபம் பல பயணங்களைக் கெடுத்திருக்கிறது. தலைக்கு முன்பணம் எவ்வளவு என்பதை ரயில் வகுப்பும் விடுதியும் முடிவானபின் குழுவில் போடுகிறேன். இப்போதே ஒரு தொகையைச் சொல்லிவிட்டுப் பிறகு ஏற்றுவது எனக்குப் பிடிக்காது.

பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. அதற்கு மேல் பெயர் வந்தால் இரண்டு அணியாகப் போகலாம். ஓட்டிப் பழகவும் கற்கவும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நம் குடியிருப்பின் பின்பக்க மைதானத்துக்கு வாருங்கள். பேரப்பிள்ளைகளின் சைக்கிள் வீட்டில் சும்மா நின்றால் அதையும் கொண்டுவாருங்கள், காற்று நான் அடித்துத் தருகிறேன். வேட்டிக்காரர்கள் அன்று மட்டும் பேண்ட் போட்டு வரவும். சேலை கட்டி வருகிறவர்கள் செயினுக்கு மூடி உள்ள வண்டியைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும்.